தகட்டுக்கு அந்தப் பக்கம்

ரயில் பாலத்தைப் பராமரிக்கிற கேங்கில் அவளை எல்லோரும் மருமகள் என்றுதான் கூப்பிட்டார்கள். புருஷன் வீட்டிலிருந்து வெளியேறியபோது கட்டில், பீரோ, பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தவளால் இந்தப் பெயரை மட்டும் விட்டுவிட்டு வர முடியவில்லை. மாமனாரும் அதே கேங்கில் இருந்ததுதான் காரணம். “மருமகளே, சுத்தியலை எடு” என்று மேஸ்திரி கூவும்போதெல்லாம் அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரியும். மாமனாருக்கும் எரியும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

ஆற்றின் குறுக்கே நூறு வருஷத்துக்கும் மேலாக நிற்கிற இரும்பு ரயில் பாலம் அது. கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அது சரித்திரம். கேங்குக்கு அது படுக்கையில் விழுந்த கிழம். ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை சாயம் அடித்து முடிப்பதற்குள் தொடங்கிய இடத்தில் துரு பூத்திருக்கும். தகட்டோடு தகட்டைப் பிடித்து வைத்திருப்பதெல்லாம் ரிவெட்டுகள். குமிழ் மாதிரித் தலை உள்ள அந்த ஆணிகள் இறுக்கமாக இருக்கும் வரைதான் பாலம் பாலமாக இருக்கும். அவை ஆடத் தொடங்கினால் மிச்சமெல்லாம் பழைய இரும்பு.

அதைச் சோதிக்க ஒரு முறை வைத்திருந்தார்கள். ஆளுயரத் தகட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர் நின்று ரிவெட்டின் தலையில் சுத்தியலால் அடிக்க வேண்டும். அந்தப் பக்கம் இன்னொருவர் அதே ரிவெட்டின் மறு தலையில் விரலை வைத்திருக்க வேண்டும். அடிக்கிறவருக்குக் காது, பிடிக்கிறவருக்கு விரல். இறுகிய ஆணி ‘ணங்’ என்று பேசும், விரலில் ஒன்றும் தெரியாது. தளர்ந்தது ‘டொக்’ என்று முனகும், விரலடியில் துடிக்கும். அந்தப் பக்கத்து ஆள் ஸ்பானரால் ஒரு தட்டு தட்டினால் சரி, இரண்டு தட்டினால் தளர்வு. இருவரில் யார் தளர்வு என்று சொன்னாலும் ஆணியைச் சுற்றி மஞ்சள் வட்டம் போட்டுவிட வேண்டும்.

இந்தப் பக்கம் சுத்தியல் மருமகளுடையது. அந்தப் பக்கம் விரல் மாமனாருடையது. பகைத்துக்கொண்டு நிற்கிற இரண்டு பேரை ஏன் ஒரே வேலையில் கட்டிப்போட வேண்டும் என்று மேஸ்திரி இன்ஜினியரிடம் கேட்டதுண்டு. இன்ஜினியர் சிரித்தார். “கூட்டாளிங்களைப் போட்டா, வெயில் ஏறுது, எல்லாம் சரின்னு எழுதிக்கலாம்னு ஒருத்தருக்கொருத்தர் கண் ஜாடை காட்டிப்பாங்க. இவங்க ரெண்டு பேரும் செத்தாலும் ஒருத்தர் தப்பை இன்னொருத்தர் மூடி மறைக்க மாட்டாங்க. அவங்க சண்டை பாலத்துக்கு நல்லதுய்யா.” நல்ல யோசனைதான். மனுஷ மனசு இன்ஜினியர் போட்ட கணக்குப்படி நடந்துகொண்டால் ஊரில் பாதிப் பிரச்சினை இருக்காது.

இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லையே தவிர, பேச்சுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. மாமனார் தூணைப் பார்த்துப் பேசுவார். “ஏய் தூணே, நீ நூறு வருஷமா ஒரே இடத்துல நிக்கற. சில பேரால நாலு வருஷம் ஒரு வீட்டுல நிக்க முடியலையே.” மருமகள் கையிலிருக்கும் சுத்தியலுக்குப் பதில் சொல்வாள். “நிக்கலாம் சுத்தியலே. மேல விழுந்து அடிக்கிறவன் இல்லாம இருந்தா எவ்வளவு நாள் வேணும்னாலும் நிக்கலாம்.” கேங்கில் மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு, கண்ணை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பார்கள்.

கதை சுருக்கமானது. அவளுடைய அப்பா இதே கேங்கில் இருந்து இறந்தவர். அவர் வேலை அவளுக்கு வந்தது, அப்பாவின் கூட்டாளி மகனோடு கல்யாணமும் வந்தது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பையன் என்றார்கள். விரலைக் கடிக்கத் தெரியாதவனுக்கு மணிக்கட்டை முறிக்கத் தெரிந்திருந்தது. கைக்கட்டோடும் மகள் சிட்டுவோடும் அவள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தாள். நீதிமன்றத்தில் அவன் அடித்தான் என்று இவள் சொன்னாள். மாமனார் கூண்டில் ஏறி நின்று, “என் மகன் தங்கம். இவதான் படியில விழுந்தா. பழியை அவன் மேல போடறா” என்றார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று விட்டுவிடலாம். அந்தக் காக்கை சத்தியம் செய்துவிட்டு அல்லவா சொன்னது!

நீதிபதியம்மா இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு நடுவே கோடு கிழித்தார். பிள்ளை அம்மாவிடம் இருக்கலாம். ஆனால் அம்மா இந்த ஊரில் இருக்கும் வரைதான். வேலை மாறி வேறு ஊர் போனால் பிள்ளை அப்பாவிடம் போய்விட வேண்டும். அவனுக்கோ வேறு ஊரில் வேறு ஒருத்தியோடு குடித்தனம். ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்கக் கொடுத்த அனுமதியில் அவன் பாதி நாள் வந்ததில்லை. தாத்தாதான் வந்து, வாசலுக்கு வெளியே சிட்டுவை உட்கார வைத்துப் பேசிவிட்டு, உள்ளே இருப்பவளுக்குக் கேட்கும்படி நாலு வார்த்தை கரித்துக் கொட்டிவிட்டுப் போவார்.

ஆகவே மருமகளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. இந்த ஊரில் இந்தப் பாலம் ஓட வேண்டும். பக்கத்திலேயே புதுப் பாலத்துக்குக் கான்கிரீட் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அது முடிந்ததும் கேங்கை அப்படியே அதற்கு மாற்றிவிடுவதாகப் பேச்சு. அதற்கு முன்பே பழைய பாலத்தை மூடிவிட்டால் கேங் கலையும்; ஆளுக்கொரு திசையில் மாற்றல் வரும்; சிட்டு போய்விடுவாள்.

மழைக்காலம் முடிந்ததும் வழக்கமான பெரிய சோதனை வந்தது. தகடுகள் சேர்கிற ஒரு மூட்டில் பாதிக்கு மேல் ரிவெட் ஆடினால் ரயிலை உடனே நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று மஞ்சள் வட்டம் விழுந்தது. அப்போதெல்லாம் மாமனாரின் இரண்டு தட்டு சுறுசுறுப்பாக வந்தது. அந்தச் சத்தத்திலேயே அவருடைய குரூர சந்தோஷம் கேட்பதாக அவளுக்குத் தோன்றும். பாலம் மூடினால் லாபம் அவருக்குத்தானே. பேத்தி மகன் கைக்குப் போவாள். இவள் மூக்கு அறுபடும்.

ஆற்றின் ஆழமான பகுதிக்கு மேலே இருக்கும் பெரிய மூட்டுக்கு வந்தார்கள். அவள் சுத்தியலை ஓங்கி முதல் ஆணியில் அடித்தாள்.

டொக்.

அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு தட்டு வந்தது. ஒன்றுதான். காத்திருந்தாள், இரண்டாவது வரவில்லை.

கிழவருக்கு விரல் செத்துவிட்டது என்று நினைத்தாள். இத்தனை வருஷம் இரும்பில் வைத்துத் தேய்ந்த விரல், மரத்துப் போயிருக்கும். நியாயப்படி அவளே மஞ்சள் பிரஷ்ஷை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. ஒரு ஆணிதானே என்று அடுத்ததற்குப் போனாள். அதுவும் டொக். மறுபடியும் ஒரு தட்டு. அதற்கடுத்ததும் அப்படியே. இறுகிய ஆணிகளும் நடுநடுவே இருந்தன, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பாதிக்கு மேல் முனகின. ஒவ்வொன்றுக்கும் ஒற்றைத் தட்டு வந்தது. அவள் ஒவ்வொன்றையும் கடந்து போனாள்.

பயம் ஒரு பக்கம் இருந்தது. கூடவே ஒரு கேவலமான மகிழ்ச்சியும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? தன்னை ஊரறியப் பொய்க்காரி ஆக்கிய மனுஷன், தன் கையில் வந்து விழுந்த வெற்றியைத் தெரியாமல் நழுவ விட்டுக்கொண்டிருக்கிறார். நூறு வருஷம் நின்ற பாலம் புதுப் பாலம் வரும் வரை நிற்காதா என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்கும் ஏதோ ஒரு சமாதானம் இருக்கத்தான் செய்யும்.

“பாலமே, உனக்கு வயசாகலை. உன்னைத் தடவிப் பார்க்கிறவங்களுக்குத்தான் வயசாயிடுச்சு” என்றாள் சத்தமாக.

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. அதுவே வழக்கத்துக்கு மாறாக இருந்தது.

அப்போது மேஸ்திரியின் விசில் கேட்டது. வண்டி வருகிறது. பாலத்தில் இருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்வதற்காகப் பக்கவாட்டில் நீட்டிய சின்ன மேடைகள் உண்டு. பக்கத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. அவள் இந்தப் பக்கமிருந்து ஏறினாள். மாமனார் தகட்டைச் சுற்றிக்கொண்டு வந்து அதே மேடையில் ஏறினார். இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும் இடம். அவள் ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவர் தண்டவாளத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பயணிகள் வண்டி மெதுவாக ஊர்ந்து வந்தது. பாலம் குலுங்கியது. அது எப்போதும் குலுங்கும்தான். ஆனால் அவள் தோள் உரசிக்கொண்டிருந்த அந்தப் பெரிய மூட்டில் தகடுகள் ஒன்றையொன்று விட்டு விலகுவதும் சேர்வதுமாக இருந்தன. ஆணித் தலைகளுக்கு அடியிலிருந்து மழைத் தண்ணீர் துருவோடு கலந்து சிவப்பாகக் கசிந்தது. ஜன்னல்களில் யார் யாரோ முகம். வேடிக்கை பார்க்கிற முகம், தூங்கி வழிகிற முகம். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு அக்கரையிலிருந்து சிட்டு வருகிற வண்டியும் இதே தண்டவாளத்தில்தான் வரும். அந்த நினைப்பு காலையிலிருந்து அவளுக்குள் இருந்தது. அதை அவள் உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாள்.

திரும்பிப் பார்த்தாள். மாமனாரும் அதே மூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை, பழக்க தோஷத்தில் தானாக நீண்டு, ஒரு ரிவெட்டின் மேல் விரலை வைத்தது. வைத்த வேகத்தில் அடுப்பைத் தொட்டவர் மாதிரி இழுத்துக்கொண்டார்.

விரல் சாகவில்லை.

வண்டி போய் முடிந்ததும் சத்தம் அடங்கியது. மூன்று வருஷத்தில் முதல் முறையாக அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

அவர் தூணைத் தேடினார். பிறகு நேராகவே பார்த்தார். “உனக்கும்தான் தெரிஞ்சிருக்கு. காது இல்லையா உனக்கு? நீ ஏன் வட்டம் போடலை?”

“நான் ஏன்னு உங்களுக்கே தெரியும். என் பிள்ளை போயிடும். உங்களுக்கு என்ன வந்தது? பாலம் மூடினா உங்களுக்குத்தானே கொண்டாட்டம்? எதுக்கு ஒத்தைத் தட்டுத் தட்டினீங்க?”

கீழே ஆறு போய்க்கொண்டிருந்தது. அவர் மூட்டைப் பார்த்தபடியே சொன்னார். “பிள்ளை அவன்கிட்ட போகக் கூடாது.”

“யார்கிட்ட?”

“அவன்கிட்டதான். நான் பெத்தவன்கிட்ட. அவன் கை எப்படின்னு எனக்குத் தெரியாதா?”

இங்கே ஒரு நல்ல மனுஷி உருகியிருப்பாள். கண்ணீர் விட்டு, பழையதை மறந்து, நாலு நல்ல வார்த்தை சொல்லியிருப்பாள். அவளுக்கு உருக்கம் வரவில்லை. வந்தது காலிலிருந்து கிளம்பின கோபம். இத்தனை நாளும் இந்த மனுஷன் பிள்ளைப் பாசத்தில் கண் மறைந்து பேசுகிறார் என்றுதான் நினைத்திருந்தாள். அப்படி நினைத்ததில் ஒரு சின்ன மன்னிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது என்பது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அதுவும் இப்போது போயிற்று.

“அப்போ தெரிஞ்சேதான் சொன்னீங்க. தெரிஞ்சே கூண்டுல ஏறி, தங்கம்னீங்க. தெரிஞ்சே என் வாசல்ல வந்து நின்னு என்னைப் பொய்க்காரின்னு திட்டினீங்க. என் பிள்ளை காதுல விழற மாதிரி!”

“பெத்த பிள்ளையைச் சபையில விட்டுக்கொடுக்கச் சொல்றியா?”

“என்னை மட்டும் விட்டுக்கொடுக்கலாமா? நானும் ஒருத்தர் பெத்த பிள்ளைதானே? உங்க கூட்டாளி பெத்த பிள்ளை!”

அவள் மேடையிலிருந்து இறங்கி மஞ்சள் டப்பாவைத் திறந்தாள். அவர் பின்னாலேயே வந்து கையைப் பிடித்தார். கெஞ்சலா மிரட்டலா என்று பிரிக்க முடியாத குரல். “பைத்தியமா உனக்கு? வட்டம் போட்டா நீ போவ, நான் போவேன், பிள்ளை அவன்கிட்ட போகும். இவ்வளவு நாள் நின்ன பாலம், இன்னும் கொஞ்ச நாள்…”

அவளுடைய சமாதானத்தையே அவர் வாயால் கேட்டபோது அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. “கையை எடுங்க” என்றாள். “பாலத்தைப் பத்தின உண்மையை நான் இப்போ சொல்றேன். உங்க மகனைப் பத்தின உண்மையை நீங்க போய் அங்க சொல்லணும்.”

“நடக்காத காரியம். உயிரே போனாலும் சொல்ல மாட்டேன்.”

“சாயங்காலம் வண்டியில யார் வரான்னு தெரியுமில்ல?”

கை தானாக விலகியது. அவள் ஒவ்வொரு ஆணியாக வட்டம் போட்டுக்கொண்டே போனாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார், ஒரு வட்டம்கூடப் போடவில்லை. போட்டு முடித்ததும் மேஸ்திரியிடம் போய், “வண்டியை நிறுத்தச் சொல்லுங்க அண்ணே, பெரிய மூட்டு போயிடுச்சு” என்றாள். இரண்டு கரையிலும் சிவப்புக் கொடி ஏறியது. சிட்டுவையும் மற்றப் பிள்ளைகளையும் படகில் ஏற்றி அனுப்பினார்கள்.

இன்ஜினியர் ஓடி வந்தார். முதல் தடவை வட்டமே போடாமல் அந்த மூட்டைக் கடந்திருக்கிறார்கள் என்று மேஸ்திரி சொன்னதைக் கேட்டு, ஓராளுக்குத் தப்பியதை இன்னோராள் பிடித்திருக்க வேண்டுமே என்றார். “ரெண்டு பேரும் தெரிஞ்சேதான் மறைச்சோம்” என்று அவள் சொன்னாள். இன்ஜினியர் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நீங்க சண்டைக்காரங்கன்னு நம்பினேனேம்மா” என்றார் பரிதாபமாக. மாமனார் அதற்கும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பாலம் மூடப்பட்டது. கேங் கலைந்தது. அவருக்குத் தற்காலிக வேலைநீக்கம். அவளுக்குத் தண்டனையோடு மாற்றல், வடக்கே ஏதோ ஒரு தொலைதூரப் பட்டறைக்கு. மாற்றல் உத்தரவு வந்த கையோடு புருஷனின் வக்கீல் மனுப் போட்டார். பிள்ளையைக் கொடு.

நீதிமன்றத்தில் அது ஒரு சின்ன அறை. மின்விசிறி மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. புருஷன் இஸ்திரி போட்ட சட்டையோடு, தலையை ஒழுங்காகச் சீவி, யார் பார்த்தாலும் பெண் கொடுக்கிற மாதிரி நின்றான். மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயிக்கப்போவதில்தான் அவன் கவனம். சிட்டுவை வெளியே நடையில் பெஞ்சில் மேஸ்திரி பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு மருமகள் உள்ளே வந்திருந்தாள். மாமனார் வருவார் என்று அவளுக்கு நம்பிக்கை இல்லை. வந்தார். அப்படி வந்தவரை மகன் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். தோளில் கைகூடப் போட்டான். அவ்வளவுதான் என்று அவள் நினைத்தாள்.

நீதிபதியம்மா அவரைக் கூப்பிட்டார். “போன தடவை உங்க மகன் அடிக்கிற ஆள் இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. அதுல மாத்தம் எதுவும் இருக்கா?”

அவர் முன்னால் இருந்த மேஜையின் விளிம்பில் விரலை வைத்தார்.

“இருக்குங்கம்மா” என்றார். “அவன் கை நீட்டுவான். அவ படியில விழலை. எங்க வீட்டுல படியே கிடையாது. அன்னிக்கு ரூமுக்குள்ள அவ கத்தறா. நான் கதவுக்கு வெளியே நின்னுட்டிருந்தேன். எலும்பு முறியற சத்தம் எனக்குக் கேட்டது. நான் உள்ளே போகலை.”

மகன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “அப்பா!” என்றான். அவர் திரும்பவில்லை. நீதிபதியம்மா எழுதிக்கொண்டே போனார். பிள்ளை தாயிடமே இருக்கும். தாய் எந்த ஊருக்குப் போனாலும் கூடவே போகும் என்று தீர்ப்பாயிற்று. அவளுக்குக் கேட்டது; மனசில் இறங்கவில்லை. மனசு முழுக்க அந்தக் கதவே அடைத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு வீட்டில் யாருமே இல்லை என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். யாராவது இருந்திருந்தால் ஓடி வந்திருப்பார்கள் என்று நினைத்திருந்தாள்.

நடையில் மகன் அப்பாவைக் கடந்து போனான். “இனிமே எனக்கு அப்பாவும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. செத்தாலும் வர மாட்டேன்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலை இல்லை, மகன் இல்லை, பாலம் இல்லை. அவளுக்கு இரக்கம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. வந்ததற்காகத் தன் மேலேயே ஆத்திரப்பட்டாள்.

“சொல்லிட்டேன்ல” என்றார் அவர். குரலில் பழைய கரிப்பு இல்லை. “நீ கேட்டதைச் சொல்லிட்டேன். நாளைக்குக் கிளம்பறீங்களாமே. பிள்ளையை ஒரு தடவை தூக்கிக்கறேன்.”

பெஞ்சிலிருந்து சிட்டு “தாத்தா!” என்று குதித்து ஓடி வந்தாள். மருமகள் குறுக்கே போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அன்னிக்குக் கதவுக்கு வெளியே நின்னீங்கல்ல” என்றாள். “அங்கேயே நில்லுங்க.”

படியிறங்கும்போது சிட்டு திரும்பித் திரும்பிப் பார்த்து, தாத்தா ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் பிடித்த கையைத் தளர்த்தவில்லை.